தினமும் 90 கி.மீ. பைக்கில் வேலைக்குப் போறீங்களா? முழு தூரமும் ஓட்டுவதா, பாதியில் ரயில் ஏறுவதா? செங்கல்பட்டு – கிண்டி கணக்கு இதோ!

சென்னையில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் பக்கம் வீடு பார்த்துப் போனவர்கள் ஏராளம். வீடு மாறிவிட்டது, வேலை மாறவில்லை. அதனால் காலை 7 மணிக்கே ஜி.எஸ்.டி. சாலையில் முதுகில் பை, சாப்பாட்டுக் கூடையோடு வரிசையாக பைக்குகள் சென்னையை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன.

செங்கல்பட்டில் இருந்து கிண்டிக்கு சுமார் 45 கி.மீ. போய் வர 90. மாதம் 25 நாள் வேலை என்றால் 2,250 கி.மீ. வருடத்துக்கு 27,000 கி.மீ. பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கி.மீ.தான். அதாவது, இந்த ரூட்டில் தினமும் பைக்கில் வருகிறவர் ஒன்றரை வருடத்தில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்த மாதிரி!

இவ்வளவு தூரம் ஓட்டப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பைக் வாங்கலாம்? எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முழு தூரத்துக்கும் பைக்தான் வேண்டுமா?

பைக்கில் போனால் உண்மையில் எவ்வளவு செலவு?

கணக்குக்கு வசதியாக பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிராஃபிக்கில் லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக் என்றால் மாதம் 45 லிட்டர், 4,500 ரூபாய். 45 கி.மீ. தரும் ஸ்கூட்டர் என்றால் 5,000 ரூபாய். ஆசைப்பட்டு 350 சிசி வண்டி எடுத்து அது 32 கி.மீ. கொடுத்தால் 7,000 ரூபாயைத் தாண்டும்.

பெரும்பாலானோர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். சிக்கலே இதற்குப் பிறகுதான். பல கம்யூட்டர் பைக்குகளின் கையேட்டில் சர்வீஸ் இடைவெளி "3,000 கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ" என்ற மாதிரி போட்டிருக்கும். வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டுகிறவர் மாதத்தைப் பார்த்து சர்வீஸ் விடலாம். தினம் 90 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 3,000 கி.மீ. என்பது நாற்பதே நாள். "மூணு மாசம் ஆகட்டும்" என்று விட்டால் மீட்டர் 6,700ஐத் தாண்டியிருக்கும். அதே ஆயிலோடு! செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் போட வேண்டும் என்றால் அது கிட்டத்தட்ட வாராவாரம் செய்ய வேண்டிய வேலை. பின் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ எல்லாம் மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு. இவருக்கு வருடா வருடம் வரும்.

இதற்கெல்லாம் கிலோமீட்டருக்கு முக்கால் ரூபாயில் இருந்து ஒரு ரூபாய் வரை ஒதுக்கி வைப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் மாதம் 1,700 முதல் 2,250 ரூபாய். பெட்ரோலையும் சேர்த்தால் சிக்கனமான பைக்குக்கே மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மாதத் தவணை இதில் வராது. நான்கு வருடம் இப்படி ஓட்டினால் வண்டி ஒரு லட்சம் கி.மீ.யைத் தாண்டிவிடும் என்பதால், விற்கும்போதும் பெரிதாக விலை போகாது.

பாதி பைக், பாதி ரயில்

இன்னொரு வழி, வீட்டில் இருந்து ஸ்டேஷன் வரை வண்டியில் போய், அங்கே விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறுவது. செங்கல்பட்டு – கிண்டி இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். செல்போன் செயலியிலேயே எடுத்துவிடலாம். வண்டி ஸ்டாண்டுக்கு மாதம் 600 ரூபாய், ஸ்டேஷன் வரை போய் வர பெட்ரோலுக்கு 400 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 1,500 ரூபாய் பக்கம்தான் வரும். (ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு கேட்கும் ஸ்டாண்டுகளும் உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

மாதம் 4,500, 5,000 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல். இன்னொரு பைக்குக்கு முன்பணம் கட்டவே இது போதும்.

"பணம் மிச்சம் ஆகும், டைம் ஆகுமே?" என்று கேட்கலாம். ரயிலில் செங்கல்பட்டு – கிண்டி ஒன்றே கால் மணி நேரம். வீட்டில் இருந்து ஸ்டேஷன், வண்டியை நிறுத்துவது, கிண்டியில் இறங்கி ஆபீஸ் போவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி 40 நிமிடம் வரை போகும். காலை ஆறரைக்குக் கிளம்பும் பைக் இதைவிடச் சீக்கிரம் போய்விடும், மறுக்க முடியாது. ஆனால் எட்டரைக்குக் கிளம்பினால் கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கத்திப்பாரா என்று ஒவ்வொரு இடமாக மாட்டி, பைக்கும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். பத்து, பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம். அந்த ஒன்றரை மணி நேரமும் கண் சாலையிலேயே இருக்க வேண்டும். ரயிலில் என்றால் தூங்கலாம், போன் பார்க்கலாம், வேலைகூட முடிக்கலாம்.

எந்த ஸ்டேஷனில் வண்டியை விடுவது?

யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். "தாம்பரம் வரைக்கும் வண்டியில போயிட்டா அடிக்கடி ட்ரெயின் இருக்கே" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். கடற்கரை – தாம்பரம் இடையே ஓடும் ரயில்கள் அதிகம், தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு வரை வருபவை குறைவு. ஆனால் தாம்பரம் வரை பைக்கில் போவது என்றால் 30 கி.மீ. ஓட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையின் மோசமான நெரிசலில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும். அதாவது, கஷ்டமான பகுதியை பைக்கில் கடந்துவிட்டு, பிறகு ரயிலில் நின்றுகொண்டு போகிற நிலைமை.

வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலேயே ஏறுவதுதான் பெரும்பாலானோருக்குச் சரியாக வரும். அதிலும் செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அங்கிருந்தே புறப்படும் வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவருக்கு அது சந்தேகம்தான். சாயந்திரம் கதை வேறு. கிண்டியில் ரயில் வரும்போதே நிரம்பி வழியும். தாம்பரத்தில் கூட்டம் இறங்கிய பிறகுதான் இடம் கிடைக்கும்.

ரயில்கள் குறைவு என்பதால் நேர அட்டவணையைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததுக்கு அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டி வரலாம். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் பல மடங்கு அதிகம். அவசரத்துக்கு ஒரு நாள் போகலாம், தினசரிக்கு அதைக் கணக்கில் வைக்காமல் இருப்பது நல்லது.

மெட்ரோ? விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. அங்கே வரை ஓட்டிவிட்டால் கிண்டிக்கு மிச்சம் கொஞ்ச தூரம்தான். அண்ணா சாலை, கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம் வேலை என்றால் மட்டும் யோசிக்கலாம். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை பைக்கில் போய், அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிப்பதும் ஒரு வழி. பேருந்தும் அதே நெரிசலில்தான் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு ரயில் ஒத்துவராது. என்ன செய்வது?

இப்படிச் சொல்பவர்கள் நிறைய பேர். நைட் ஷிஃப்ட் முடிகிறவர்களுக்கு நள்ளிரவுக்குப் பிறகு அதிகாலை வரை மின்சார ரயில் கிடையாது. சேல்ஸ், சர்வீஸ், கட்டட வேலை என்று பகலெல்லாம் ஊர் சுற்ற வேண்டியவர்களுக்கு வண்டி கையோடு இருக்க வேண்டும். ஸ்டேஷனில் இருந்து ரொம்ப உள்ளே தள்ளி வேலை இடம் இருந்தால் ஆட்டோவுக்கே சம்பளம் போய்விடும். இவர்களுக்கு முழு தூரமும் பைக்தான். அப்படியென்றால் எந்த வண்டி என்ற கேள்வியை இப்போது கேட்கலாம்.

100 சிசி பைக் மைலேஜில் ராஜாதான். ஆனால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது சட்டென்று வேகம் எடுத்து விலகும் சக்தி குறைவு. மகேந்திரா சிட்டி, மறைமலை நகர் பகுதியில் கனரக வண்டிகளுக்கு நடுவே தினமும் போகிறவருக்கு 125 முதல் 160 சிசி வரையிலான வண்டி பொருத்தம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஏபிஎஸ் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புதிய வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்றது அந்த விதி. மழைச் சாலையில் பதறிப்போய் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏபிஎஸ்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரிப்பு வருடத்தைப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

ஸ்கூட்டர் நெரிசலில் சுகம், கியர் தொல்லை இல்லை, டிக்கியில் சாமான் வைக்கலாம். ஆனால் அதன் சக்கரம் சின்னது, 10 அல்லது 12 இன்ச். பைக்குக்கு 17, 18 இன்ச். ஒரே பள்ளத்தில் பெரிய சக்கரம் ஏறி இறங்கிவிடும், சின்ன சக்கரம் உள்ளே இறங்கி இடிக்கும். தினம் 90 கி.மீ. என்றால் அந்த இடி முழுக்க முதுகெலும்புக்குத்தான். எந்த வண்டியாக இருந்தாலும் ட்யூப்லெஸ் டயர் இருக்கட்டும். பஞ்சர் ஆனாலும் காற்று மெதுவாக இறங்கும், கடை வரை போய்ச் சேரலாம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தாங்குமா?

செலவைப் பார்த்தால் ஆசை வரும். 90, 100 கி.மீ. ஓட்ட ஏறக்குறைய மூன்று யூனிட் மின்சாரம் போதும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 24 ரூபாய்! பெட்ரோலுக்கு 180 ரூபாய் ஆகும் தூரம் அது.

ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் 70, 75 சதவீதம்தான் சாலையில் கிடைக்கும் என்று கணக்கு போடுவதே பாதுகாப்பு. வேகமாகப் போனால், பின்னால் ஆள் ஏறினால் இன்னும் குறையும். 90 கி.மீ. போய் வர வேண்டுமென்றால் குறைந்தது 150 கி.மீ. என்று சொல்லப்படும் வண்டி வேண்டும், அல்லது ஆபீசில் சார்ஜ் போட இடம் வேண்டும். இரண்டும் இல்லாமல் சின்ன பேட்டரி வண்டியை வாங்கிவிட்டு, ராத்திரி வண்டலூர் தாண்டும்போது திரையில் 8 சதவீதத்தைப் பார்ப்பது யாருக்கும் வேண்டாத அனுபவம். பேட்டரி வாரண்டியில் வருடத்தை மட்டும் பார்க்காமல் கிலோமீட்டரையும் பாருங்கள். 50,000 கி.மீ. என்று இருந்தால் இவர்களுக்கு அது இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டேஷன் வரை மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை, விலை குறைந்த சின்ன வண்டியே போதும்.

வேகமா போனா சீக்கிரம் வந்துடலாமா?

செங்கல்பட்டில் இருந்து வண்டலூர் வரை சுமார் 25 கி.மீ. அதை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 25 நிமிடம். 70-ல் போனால் 21 நிமிடம் சொச்சம். மிச்சம் ஆவது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. பெருங்களத்தூர் நெரிசல் அதை ஒரே வாயில் விழுங்கிவிடும். ஆனால் 70-ல் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க, 60-ல் வருவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் தூரம் வேண்டும். சென்னை மாநகர போலீஸ் எல்லைக்குள் 2023 நவம்பர் முதல் இருசக்கர வாகனங்களுக்கு 50 கி.மீ.தான் உச்ச வேகம் என்பதால், அபராதமும் வரும்.

எண்கள் சும்மா பயமுறுத்த அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கும் அதிகம். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் எது தெரியுமா? மாலை 6 முதல் 9 மணி வரை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த மூன்று மணி நேரத்தில்தான். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது.

காலையில் உடம்பு தாங்கும். எட்டு, ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு திரும்பும்போதுதான் கண் சொருகும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி கவனம் போனால் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். அதனால் சாயந்திரம் பாதி வழியில் ஒரு டீக்கு நிறுத்துவது நேர விரயம் இல்லை. லேப்டாப் பையை முதுகில் மாட்டாமல் வண்டியின் பின்னால் கட்டுங்கள், தோள்வலி பாதி குறையும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கவிடுவதை இன்றே நிறுத்துங்கள். திரும்பும் நேரத்தில் ஹேண்டிலை இழுத்துவிடும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அது இல்லாமல் விற்பதே சட்டப்படி தவறு. போடாவிட்டால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய்.

மழைக்காலத்துக்கு ஒரு யோசனை

பைக்கை விட மனசு இல்லாதவர்கள்கூட அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு மட்டும் சீசன் டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தானே. பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் போய்விடலாம். முதல் மழை பெய்யும் அரை மணி நேரம்தான் சாலை அதிகம் வழுக்கும். படிந்திருக்கும் ஆயிலும் மண்ணும் தண்ணீரோடு கலந்துவிடும்.

இன்சூரன்ஸில் பலர் கவனிக்காத ஓட்டை

2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது அடிபட்ட எதிராளிக்குத்தான். சொந்த வண்டி சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துபோயிருக்கும். பாலிசியை எடுத்து இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்தது, ஓட்டுகிறவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. இது வண்டியின் உரிமையாளர் தானே ஓட்டும்போது மட்டும்தான் செல்லும். அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ ஆர்.சி. இருக்கும் வண்டியில் தினமும் 90 கி.மீ. ஓட்டும் பையனுக்கு அந்த 15 லட்சம் கிடையாது. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும், அல்லது ஆர்.சி.யை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் 108-க்கு அழைக்கலாம். 2021 டிசம்பரில் இதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வழியில் எந்தெந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

புது வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு வாரம் இருக்கிற வண்டியிலேயே சோதித்துப் பாருங்கள். மூன்று நாள் முழு தூரமும் பைக்கில், மூன்று நாள் ஸ்டேஷனில் விட்டு ரயிலில். வீட்டுக் கதவில் இருந்து ஆபீஸ் கதவு வரை ஆகும் நேரத்தையும், ராத்திரி வீட்டுக்கு வந்து சேரும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாரச் சோதனைக்கு சீசன் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, சாதாரண டிக்கெட்டே போதும்.